குளிர்நாடு செல்லும் மாணவர்க்கு
(குன்னூர் வழியனுப்புக் கூட்டத்திற் பேசியது)



நம் சங்கத்து இளைஞரொருவர் கல்வியின்பொருட்டு இலண்டன் மாநகர் செல்கின்றார். குன்னூர்க் குளிரில் வளர்ந்தவர்க்கு அக்குளிர் ஒரு பொருட்டோ எனப் பெரியோர் சிலர் நகைத்தனர். யாம் நகைத்திலேம். குளிரினும் கூச்சமே கொடிதென்பது எம் கருத்து. யாமும் இளமையிற் சென்னைக்குப் படிக்கச் சென்றபோது, உணவுச்சாலை எங்கென வினவ நாணி, மூன்று நாள் ஊட்டி வர்க்கியையே தின்று கிடந்தோம்.

கணிதமேதை இராமாநுஜன் 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் சென்னையிற் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். ஆங்கு இரவிற் குளிர் பொறாது, மேலங்கியும் சால்வையும் போர்த்துக் கிடந்தார். மகலநோபிஸ் என்னும் வங்க நண்பர் ஒருநாள் அவர் படுக்கையைக் கண்டார். கம்பளிகள் பல மெத்தையின் ஓரத்திற் செருகி நேர்த்தியாய் விரிக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உட்புகுந்து உறங்கவேண்டுமென்பதை அம்மேதை அறிந்திலர்! கேட்கவும் கூசினார் போலும். மரக்கறியுணவினராதலின் தாமே சமைத்துண்டார். போர்க்காலமாகிய 1917இல் நோயுற்றார். 1919இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் அகவையில் மறைந்தார்.

தம்பி! அறையினுள் அடைந்து கிடவாதே. தெரியாததை அடுத்த அறையாரிடம் கேள். உடல் நலமாயிருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொள். வீட்டிற்கு 'நலம்' என்றுமட்டும் எழுதாதே. அன்று என்ன உண்டாய் என்பதையும் எழுது. உன் அன்னையார் எம்மிடம் சொல்லச் சொன்னது அஃதொன்றே.