மீன் இல்லாத தொட்டி

(மந்தைவெளியில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பறையில் 100 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இப்போது இரண்டு கோமாளி மீன்கள் நீந்துகின்றன. அவற்றுக்கு முன் அதே தொட்டியில் இறந்துபோன மூன்று மீன்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தொட்டி வாங்கினேன், உப்பைக் கரைத்தேன், மணல் போட்டேன், மறுநாளே மீன்களை விட்டேன். நான்காம் நாள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. ஒரு மாணவி கேட்டாள்: "சார், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அப்புறம் ஏன் செத்துச்சு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நைட்ரஜன் சுழற்சியைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்தவன் நான். அந்தச் சுழற்சி தொடங்காத தண்ணீரில் மீனை விட்டவனும் நான்தான்.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. அதற்கு நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது. கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால், அங்கே அம்மோனியாவின் நச்சுத்தன்மை நன்னீரைவிட அதிகம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு வகை நைட்ரேட்டாக்குகிறது. இவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கல், மணல், வடிகட்டி ஆகியவற்றின் மேல் ஒட்டி மெதுவாகப் பெருகுகின்றன. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவில் இருப்பதில்லை.

இரண்டாம் முறை மாணவர்களோடு சேர்ந்து தொடங்கினேன். "பட்டினப்பாக்கத்துல கடல் தண்ணி சும்மாவே கிடைக்குமே சார்" என்றான் ஒருவன். அடையாறு கடலில் கலக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது, அதோடு என்னென்ன வருகிறது என்று அவர்களையே யோசிக்கச் சொன்னேன். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல் உப்புக் கலவையைக் கரைத்தோம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

"பவளப்பாறை வைக்கலாமா?" என்றும் கேட்டார்கள். 2001 முதல் பவளப்பாறைகளை உருவாக்கும் பவள உயிரிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியதற்கு, முன்பு பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். அதைச் சொன்னதும் துளைகள் நிறைந்த செராமிக் கற்களே போதும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

பிறகு தோல் உரித்த ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டோம். அது அழுகினால் அம்மோனியா வரும். பாக்டீரியாவுக்கு அதுவே உணவு. காற்று பம்ப் இரவும் பகலும் ஓடியது. இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனைக் குப்பியில் நிறம் பார்த்து, மாணவர்கள் வரைபடத்தாளில் புள்ளி வைத்தார்கள். முதலில் அம்மோனியாக் கோடு ஏறியது. அது இறங்கும்போது நைட்ரைட் ஏறியது.

22-ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம். வகுப்பே கை தட்டியது. "இன்னிக்கே மீன் விடலாம் சார்!" எனக்கும் ஆசைதான். அப்போது பழைய கேள்வியைக் கேட்ட அதே மாணவி எழுந்தாள். "நைட்ரைட் இன்னும் இறங்கலையே சார். பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு." அன்று வகுப்பில் ஆசிரியர் அவள்தான்.

ஆறாவது வாரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தன. நைட்ரேட் மட்டும் இருந்தது. மீண்டும் சிறிதளவு அம்மோனியா சேர்த்தோம். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பண்ணையில் வளர்த்த இரண்டு சிறு மீன்களை மட்டும் விட்டோம். கழிவு கூடக்கூடத்தான் பாக்டீரியாவும் பெருகும் என்பதால், ஒரேயடியாக நிறைய மீன்களை விடக்கூடாது.

இதற்குக் கடல்நீர்த் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. நன்னீரில் நான்கு கப்பி மீன்களுக்கும் இதே விதிதான். ஒரு சோதனைக் குப்பி, ஒரு வரைபடத்தாள், ஆறு வாரப் பொறுமை போதும். என் மாணவர்கள் நைட்ரஜன் சுழற்சியைக் கற்றது மீன் வந்த பிறகு அல்ல. மீன் இல்லாத அந்த ஆறு வாரங்களில்தான். முதல் மூன்று மீன்களை இழக்காமலே உங்கள் மாணவர்களும் அதைக் கற்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.