செவிக்கு ஒரு திருப்பணி

சிவமயம்
திருச்சிற்றம்பலம்

(குடமுழுக்கு விழாவின் இரண்டாம் நாள் மாலை, யாகசாலைப் பந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தண்பொருநைக் கரையிலே திருக்கோயில் கொண்டு நம்மையெல்லாம் ஆண்டருளும் அம்மையப்பருடைய திருவடித் தாமரைகளைச் சிந்தித்து வணங்குகின்றேன். 

விமானம் புதுக்கப் பெற்றது, கொடிமரம் பொலிவு பெற்றது, மதில் செம்மையாயிற்று. இவற்றைச் செய்து முடித்த அன்பர்களுள் ஒருவர் நேற்று மாலை என் அருகில் வந்தமர்ந்து, "ஐயா, நாகசுரம் வாசிக்கும்போது தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறீர்கள். எனக்கோ அது மங்கலமான ஒலி என்பதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. இசைச்சுவை என்பது பிறவியிலேயே வரவேண்டுமோ? பழகினால் வருமோ?" என்று வினவினார். ஒளிக்காமல் கேட்ட அவ்வினா என் உள்ளத்தைத் தொட்டது. இன்றைய பேச்சு அவருக்குரிய விடையாகும். பழகினால் வரும் என்பதே அவ்விடை. அதனை என் வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் காட்டலாம் என்று கருதுகின்றேன்.

அடியேன் இளமையில் சோழநாட்டு மடம் ஒன்றிலே தங்கித் திருமுறையும் சாத்திரமும் பயின்றவன். இன்ன பதிகம் இன்ன பண் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். திருஞானசம்பந்தப் பெருமான் திருநெல்வேலிக்கு அருளிய பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதன் பண் சாதாரி. அப்பண்ணை இக்காலத்து ஓதுவார்கள் பந்துவராளி இராகத்தில் பாடுவர். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயினும் கோயிலில் நாகசுரம் ஒலிக்கும்போது நான் என்ன செய்வேன் தெரியுமா? பிரகாரத்தின் மறுகோடிக்குச் சென்று நண்பர்களோடு சித்தாந்தம் பேசிக்கொண்டிருப்பேன். பண்ணின் பெயரை அறிந்தவனுக்குப் பண் செவியில் ஏறவில்லை.

ஆசிரியப் பணி ஏற்று இப்பொருநைக் கரைக்குத் திரும்பியபோது எனக்கு அகவை முப்பது. நான் குடியிருந்த ஊர்க் கோயிலில் முதியவர் ஒருவர் நாகசுரத் தொண்டு செய்துவந்தார். ஒருநாள் அவரிடம், "இப்போது வாசித்தது என்ன இராகம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, பேர் அப்புறம் கேட்கலாம். ஒரு மண்டலம் சாயரட்சைக்கு வந்து என் எதிரே நில்லுங்கள். பேசாமல் நின்றால் போதும்" என்றார்.

நின்றேன். முதல் சில நாள்கள் சலிப்பே மிகுந்தது. பின்னர் ஒருநாள், முன்பு கேட்ட வளைவு ஒன்று மீண்டும் வருவதைச் செவி கண்டுகொண்டது. பழகிய முகம் ஒன்றைத் திருவிழாக் கூட்டத்தில் காண்பது போன்ற மகிழ்ச்சி அது. மண்டலம் நிறையும் தறுவாயில் ஒரு மாலைப்பொழுது, அவர் வாசிக்கத் தொடங்கிய சில நொடிகளில் என் உதடுகள் தாமே அசைந்தன. அவை முணுமுணுத்தது நெல்லைப் பதிகம். அவர் வாசித்தது பந்துவராளி! மடத்தில் பத்தாண்டு நான் ஓதிய பதிகத்தின் உயிர், சொல் ஒன்றும் இல்லாத குழலிலிருந்து வந்து என்னைத் தொட்டது. கண்ணீர் பெருகிற்று. அவர் வாசிப்பை நிறுத்தாமலே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று தொடங்கியதே என் இசைக்கல்வி.

இசையால் இறைவனை அடைதல் நம் சமயத்திற்குப் புதிதன்று. ஆனாய நாயனார் வரலாற்றை நினைமின். அவர் ஆனிரை மேய்த்தவர். கொன்றை மரம் ஒன்று பூத்து நிற்பதைக் கண்டு, அதனையே கொன்றை மாலை சூடிய பெருமானாகக் கருதி, உள்ளம் உருகித் திருவைந்தெழுத்தை வேய்ங்குழலிலே இசைத்தார். பகை கொண்ட விலங்குகளும் பகை மறந்து கூடி நின்றன. இறைவன் எழுந்தருளி வந்தான். சேக்கிழார் பெருமான் அப்புராணத்தில், மூங்கிலைத் தேர்ந்து துளையிட்டுக் குழல் செய்யும் முறையையும் விரித்துரைக்கின்றார். கருவி செய்யும் தொழிலும் அவருக்குத் திருத்தொண்டின் பகுதியாகவே தோன்றியது போலும். நம் திருநெல்வேலிக்கு வேணுவனம் என்று ஒரு பெயர் உண்டு. வேணு என்பது மூங்கில். அங்கே தலமரமும் மூங்கிலே. குழலுக்கு உடல் தந்த மரத்தின் நிழலிலே இறைவன் வெளிப்பட்ட நாடு இது. இங்குப் பிறந்தவர் இசையை அயலாகக் கருதலாமா?

மற்றொன்றும் கூறுவேன். தேவார ஏடுகள் தில்லையிலே மறைந்திருந்து, இராசராச மன்னன் காலத்தில் நம்பியாண்டார் நம்பிகளால் வெளிப்பட்டன என்பதைத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்துவிட்டது; இசை கிடைக்கவில்லை. அதன்பொருட்டுத் திருவெருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே வந்த ஒரு பெண்மணியைத் தேட வேண்டியதாயிற்று. அவ்வம்மையார் வாயிலாகவே பண்முறை வகுக்கப் பெற்றது. இதன் உட்பொருளை எண்ணிப் பார்மின். செல்லரித்த பின்னும் ஓலை எழுத்தை ஒருவாறு காத்தது. இசையைக் காத்ததோ உயிருள்ள ஒரு மனிதரின் செவியும் குரலும். அவ்வுண்மையை உணர்ந்தமையால் அன்றோ, தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த மாமன்னன், திருப்பதியம் பாடுதற்கு 48 பேரையும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் அமர்த்தி, அவர்கட்கு நாள்தோறும் நெல் அளந்து கொடுக்குமாறு கல்லிலே வெட்டி வைத்தான்!

நம் நாட்டுச் செல்வத்திற்கு வருவோம். நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்கள் இருப்பதை அறியாதார் இலர். ஒரே கல்லில் பெருந்தூணையும் அதனைச் சூழ்ந்த சிறு தூண்களையும் வடித்து, வெவ்வேறு தூண் வெவ்வேறு ஒலி தருமாறு அமைத்தனர் நம் சிற்பிகள். ஆழ்வார்திருநகரியிலே கல்லால் ஆகிய நாகசுரம் ஒன்றும் உண்டு. கல்லுக்கும் இசை கற்பித்த நாடு இது. முத்துசாமி தீட்சிதர் காந்திமதியம்மை மீது 'ஸ்ரீ காந்திமதீம்' என்னும் கீர்த்தனத்தை இயற்றினார். அவர் தம் இறுதிக்காலத்தை எட்டயபுரத்தில் கழித்து, 1835-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். மேனாட்டுக் கருவியாகிய பிடிலை நம் இசைக்கு இணங்க வைத்தவர்களுள் முதல்வர் என்று போற்றப்பெறும் அவர் தம்பியார் பாலுசாமி தீட்சிதரும் எட்டயபுரம் அரண்மனையை அணிசெய்தவரே. கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர்வடகரையில் பிறந்தவர்.

நாகசுரத்திற்கோ, நம் பொருநைக் கரையின் புகழ் காருகுறிச்சி அருணாசலம் அவர்கள். 1921-இல் பிறந்த அவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய இராசரத்தினம் பிள்ளை அவர்களிடம் மாணாக்கராக இருந்து, காவிரிக் கரையின் வாசிப்பை இங்குக் கொணர்ந்தார். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் ஆபேரி இராகத்தில் அவர் வாசித்தது, இசை அறியாத குடிசைகளிலும் புகுந்தது. 1964-இல், நாற்பத்து மூன்று ஆண்டு நிறையுமுன்பே அவர் மறைந்தார். அப்போது நான் சிறுவன். ஊரில் பெரியவர்கள் தம் வீட்டில் ஒருவரை இழந்தவர்போல் பேசிக்கொண்டதை இன்றும் மறந்திலேன். கேட்டறியாத நாடு அவ்வாறு துயருறுமா? கோயில் வாசலிலே தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய செவிகள் இங்கே இருந்தன. அதனால் கலைஞரும் தோன்றினார்.

இனி, கேட்கும் முறையைச் சொல்லுகின்றேன். முதற்கண் சுருதியைக் கேளுங்கள். ஒத்து என்னும் குழல் ஒரே சுரத்தை இடையறாது ஒலிக்கும்; இக்காலத்தில் சுருதிப்பெட்டி அப்பணியைச் செய்கின்றது. அந்த ஒரு சுரத்தில் உள்ளத்தை ஊன்றினால், நாகசுரம் அதனை விட்டு எவ்வளவு தொலைவு சென்று எவ்வாறு திரும்புகின்றது என்பது தெரியும். கோயிலை வலம் வருபவர் எங்குச் சுற்றினும் சந்நிதிக்கு வந்து சேர்வது போன்றது அது. அடுத்துத் தாளத்தைக் கேளுங்கள். கைத்தாளம் போடுபவரைப் பார்த்து நீங்களும் விரலால் எண்ணுங்கள். மூன்றாவதாகத் தவிலைக் கேளுங்கள். ஒருபுறம் கூடு அணிந்த விரல்களாலும் மறுபுறம் கோலாலும் அவர் வாசிக்கின்றார். இரண்டு ஒலிகளையும் செவியால் பிரித்தறிய முயலுங்கள். இம்மூன்றும் படிந்த பின் இராகம் தானே வந்து அமரும்.

காலத்தையும் துணைக்கொள்ளுங்கள். விடியலில் பூபாளம், காலையில் பிலகரி, நண்பகலில் மத்தியமாவதி, மாலையில் பூர்விகல்யாணி, பள்ளியறை வேளையில் நீலாம்பரி எனப் பொழுதுக்கேற்ப இராகங்களை வாசித்தல் கோயில் மரபு. சுவாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டையில் மல்லாரி முழங்கும். அதற்குப் பாட்டுச் சொற்கள் இல்லை. ஆயினும் தொலைவிலுள்ள வீட்டில் இருப்பவரும் அதனைக் கேட்டு, "சுவாமி புறப்பட்டாயிற்று" என்று விளக்கேற்றிக்கொண்டு வாசலுக்கு வருவர். நாழிகைக் கணக்கையும் வழிபாட்டு முறையையும் நம் முன்னோர் செவிவழியே அறிந்து வாழ்ந்தனர். இசைச்சுவை அவர்கட்குத் தனியே கற்ற கல்வியன்று. அன்றாட வாழ்க்கையோடு கலந்த பழக்கமே அது.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது சொல்லுதற்கு அரிது. எனக்கு இசையைக் காட்டிய அம்முதியவர் மறைந்தபின், அவர் மகன் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார். அக்கோயிலின் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். மின்விசையால் தாமே அடித்துக்கொள்ளும் முரசும் மணியும் அமைந்த பொறி ஒன்றை வாங்கலாம் என்று ஒருவர் கூறினார். சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, ஆண்டுதோறும் இவ்வளவு மிச்சம் என்று கணக்கெழுதிக் கையெழுத்திட்டவர்களுள் அடியேனும் ஒருவன். புதியவர் ஒருவரைத் தேடவேண்டும் என்று வாய் திறந்தேன் அல்லேன். அப்பொறி விடியலிலும் அதே ஒலி. பள்ளியறைக்கும் அதே ஒலி. சில திங்கள் கழித்து ஒரு மாலை சந்நிதியில் நின்றபோது, என் அருகே நின்ற சிறுவன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். நான் முப்பதாம் அகவையில் பெற்ற செல்வத்தை அவன் பெறுதற்குரிய வாயிலை என் கையாலேயே அடைத்துவிட்டேனே என்று உணர்ந்தேன். பின்னர் மாற்ற முயன்றேன், பல்லாண்டாகியும் இயலவில்லை. போனதை மீட்டல் அவ்வளவு கடினம்.

பொறியின்மேல் எனக்குப் பகை இல்லை. மாறாத ஒரு சுரத்தை ஒலிப்பது சுருதிப்பெட்டிக்குப் பொருந்தும். பூசையின் வேளை அறிந்து, இறைவன் திருமுன் நின்று உருகி வாசிப்பது அதற்குப் பொருந்தாது. ஆனாயர் குழலை ஊதியது மூச்சினால் அன்றோ? மூச்சுள்ளவரே மூச்சுத் தந்தவனுக்கு அதனைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

ஆதலின் இத்திருப்பணிக் குழுவினரிடம் இரண்டு விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றேன். மண்டபத்தில் பொறி ஒன்றை நிறுவும் எண்ணம் உண்டு என்று கேள்வியுற்றேன். அதனை விடுத்து, நாகசுரம் வாசிப்பவர் ஒருவர், தவில் வாசிப்பவர் ஒருவர், ஓதுவார் ஒருவர் ஆகிய மூவரும் மானத்தோடு வாழுதற்குரிய கட்டளை ஒன்றை ஏற்படுத்துங்கள். கல்லில் பெயர் பொறிக்கப் பெறும் உபயங்களைப் பலர் செய்துவிட்டீர்கள். இது காற்றில் பெயர் எழுதும் உபயம், அழியாது.

இரண்டாவது விண்ணப்பம் எல்லீர்க்கும் உரியது. குடமுழுக்கைத் தொடர்ந்து நாற்பத்தெட்டு நாள் மண்டல பூசை நடைபெறும். அந்நாள்களில் நாள்தோறும் சாயரட்சைக்கு வந்து, கால்நாழிகை நேரம் பேசாது நின்று கேளுங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். இராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று கவலற்க. மண்டலம் நிறையும் நாளில் வாசித்தவரிடம் சென்று, "இன்று வாசித்தது என்ன?" என்று ஒருவராவது கேட்பீர்களாயின், அவருக்கு அதைவிடச் சிறந்த சன்மானம் வேறில்லை.

நேற்று என்னிடம் வினவிய அன்பரே, தாங்கள் விமானத்திற்குச் செம்பொன் பூசினீர்கள். அடுத்த திருப்பணி தங்கள் செவிக்கு ஆகுக. அதற்குப் பொருட்செலவு இல்லை, நின்றால் போதும்.

பொருநை வற்றாது பாய்க. வேளாண்மை பெருகுக. திருக்கோயில்தோறும் உயிருள்ள இசை ஓங்குக. அம்மையப்பர் எல்லீரையும் காத்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்