காத்திருக்க முடிந்தவர் கையில்தான் விலை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "வேலை இல்ல, பணப்புழக்கம் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா டவுன் பக்கம் வீடு, மனை விலை மட்டும் ஏன் இறங்க மாட்டேங்குது?" அன்றைக்கு நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்த மாதம் உட்கார்ந்து பேசி, படித்துவிட்டு வந்திருக்கிறோம்.

முதலில் நம்ம சந்தையை நினைச்சுப் பாருங்க. மழை இல்லாத வருஷம். ஆட்டுக்கு வியாபாரி அடிமாட்டு விலை கேட்கிறான். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவசரம் இல்லாதவள் ஆட்டை வீட்டுக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகிறாள். இப்படி நிறையப் பேர் திருப்பி ஓட்டிக்கொண்டு போனால் சந்தையில் ஆடு குறையும். ஆடு குறைந்தால் விலை விழாது. வீடும் இப்படித்தான்.

இதற்கு ஒரு தூரத்து ஊரை உதாரணம் சொல்கிறோம். நம்ம பக்கம் புரோக்கர் சொல்வது ஒரு விலை, பத்திரத்தில் எழுதுவது ஒரு விலை. அந்த ஊரில் எந்த வருஷம் என்ன நடந்தது என்பது பதிவாகி இருக்கிறது.

ஊர் பேர் பாலோ ஆல்ட்டோ. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். சுற்றிலும் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள். நல்ல பள்ளிக்கூடங்கள். அங்கே வீடு வாங்குவது பெரிய சம்பளக்காரருக்கே கஷ்டம்.

2008இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி வந்தது. அதற்கு முந்தின வருஷங்களில் அங்கே பல கடன் கம்பெனிகள் வருமானத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வீட்டுக்கடன் கொடுத்தன. முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு, அப்புறம் ஏறும். பலர் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. வட்டி ஏறியது, வேலை போனது, தவணை கட்ட முடியவில்லை. வீடுகள் ஏலத்துக்கு வந்தன.

பாலோ ஆல்ட்டோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் ஸ்டாக்டன் என்று ஒரு ஊர். உழைக்கிற ஜனங்கள் அதிகம் இருக்கிற ஊர். அங்கே வீட்டு விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. தெருவுக்குத் தெரு ஜப்தி வீடுகள். 2012இல் அந்த நகராட்சியே திவாலானதாக நீதிமன்றத்தில் மனு போட்டது.

பாலோ ஆல்ட்டோவில் என்ன ஆச்சு? அங்கேயும் விலை கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஸ்டாக்டன் மாதிரி விழவில்லை. சில வருஷத்திலேயே பழைய விலையைத் தாண்டிவிட்டது. ஒரே மாநிலம், ஒரே கெட்ட காலம். ஒரு ஊர் விழுந்தது, ஒரு ஊர் நின்றது. ஏன்?

முதல் காரணம், அங்கே வீடு வைத்திருந்தவர்களுக்கு விற்க வேண்டிய அவசரம் இல்லை. சேமிப்பு இருந்தது. கடன் குறைவு. "இப்போ வேண்டாம், காலம் நல்லானதும் பார்ப்போம்" என்று இருந்துவிட்டார்கள். விற்பனைக்கு வந்த வீடுகளே கொஞ்சம்.

இரண்டாவது காரணம் வரி. 1978இல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். வீட்டை வாங்கிய மதிப்பில் சுமார் 1 சதவீதம்தான் வரி. அந்த மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீடு கைமாறினால்தான் புது மதிப்பு. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை இழக்கக் கூடாது என்பதுதான் சொன்ன காரணம். ஆனால் அதன் இன்னொரு பலன், பழைய ஆள் நகரவே மாட்டார். வேறு வீட்டுக்குப் போனால் வரி பல மடங்கு ஆகுமே!

மூன்றாவது, புது வீடு கட்ட விடுவதில்லை. 1970இல் அந்த ஊரில் சுமார் 56 ஆயிரம் பேர். 2020 கணக்கெடுப்பில் சுமார் 68 ஆயிரம் பேர்தான். ஐம்பது வருஷத்தில் வேலை எவ்வளவோ பெருகியும் வீடு அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2013இல் வசதி குறைந்த முதியவர்களுக்கு 60 குடியிருப்பு கட்ட நகர மன்றம் அனுமதி கொடுத்தது. ஊர்க்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி அதைத் தோற்கடித்தார்கள். நெரிசல் வரும் என்றார்கள். உள்ளே இருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நிற்பவர் என்ன செய்வார்? அந்தப் பக்கத்து ஊர்களில் வேலை பார்க்கிறவர்களில் பலர் ஸ்டாக்டன் பக்கம் குடியிருந்து, விடியுமுன்னே ரயிலேறி வருகிறார்கள்.

இது பழைய கதை என்று நினைக்காதீங்க. 2021 தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டுக்கடன் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் அது 8 சதவீதத்தை நெருங்கியது. வட்டி ஏறினால் விலை இறங்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 3 சதவீதக் கடனில் இருப்பவர் வீட்டை விற்றுவிட்டு 8 சதவீதத்தில் புது வீடு வாங்குவாரா? விற்காமல் இருந்துவிட்டார்கள். 2023இல் நாடு முழுக்கக் கைமாறிய பழைய வீடுகள் சுமார் 41 லட்சம்தான். 1995க்குப் பிறகு அதுவரைக்கும் அதுவே குறைவு. விலையோ இறங்கவில்லை.

இப்போ நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வர்றோம். அதே பாலோ ஆல்ட்டோவில் புவெனா விஸ்டா என்று ஒரு குடியிருப்பு. நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், சுமார் 400 பேர். பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசுகிற உழைப்பாளிகள். வண்டியில் கொண்டுவந்து இறக்கி வைக்கிற மாதிரி வீடுகள். வீடு அவர்களுடையது. மனை வேறொருவருடையது. மாதாமாதம் மனைக்கு வாடகை.

2012இல் மனைக்காரர் குடியிருப்பை மூடப் போவதாகச் சொன்னார். மனைக்கு அங்கே பல கோடி விலை. பேருக்குத்தான் அது நகரும் வீடு. பழசாகிப்போன வீட்டைக் கிளப்பினால் உடைந்துவிடும். கொண்டுபோய் வைக்க இடமும் இல்லை. பிள்ளைகள் அந்த ஊர் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கிற நஷ்டஈட்டில் அக்கம்பக்கத்தில் எங்கேயும் குடியேற முடியாது.

அந்த மக்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். கூட்டம் கூட்டமாக நகர மன்றத்துக்குப் போய்த் தங்கள் கதையைச் சொன்னார்கள். 2015இல் நகர மன்றம் மூடுவதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. அப்பவும் அவர்கள் கலையவில்லை, நீதிமன்றம் போனார்கள். ஊரில் வசதியானவர்களிலும் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். கடைசியில் 2017இல் மாவட்டமும் நகரமும் பணம் போட, அரசு வீட்டுவசதி அமைப்பே அந்த மனையை வாங்கியது. குடும்பங்கள் அங்கேயே இருந்தன. ஐந்து வருஷப் போராட்டம்!

சகோதரிகளே, கெட்ட காலத்தில் விலை எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. கடனில் மாட்டினவர் தலையில்தான் இறங்குகிறது. காத்திருக்க முடிந்தவர் காத்திருக்கிறார். மனை தன் பெயரில் இல்லாதவருக்குக் காத்திருக்கவும் வழியில்லை. அவருக்குச் சங்கம்தான் துணை.

நாம வாராவாரம் சந்தா போடுறோமே, அது எதுக்கு? அவசரத்துக்கு ஆட்டையோ, நகையையோ, மனையையோ அடிமாட்டு விலைக்கு விற்காமல் நாலு மாதம் தாக்குப்பிடிக்கத்தான். அந்தச் சேமிப்பு சின்னதாகத் தெரியலாம். காத்திருக்கிற பலம் அதுதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசுங்க.

1. நாம் குடியிருக்கிற மனை யார் பெயரில் இருக்கு? பட்டாவை எடுத்துப் படிச்சுப் பார்த்திருக்கோமா? பெண்கள் பெயர் அதில் இருக்கா?

2. வெளியே வாங்கின கடனுக்கு வட்டி ஏறுமா? ஏறினால் தவணை எவ்வளவு? காகிதத்தில் கையெழுத்துக்கு முன்னால் யாரிடம் படித்துக் காட்டச் சொன்னோம்?

3. நிலம் விற்கச் சொல்லி யாராவது வந்தால், குழுவில் ஒரு வார்த்தை பேசிவிட்டு முடிவு செய்கிறோமா?

பேசினதை தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதம் பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்க. பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியலைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, தாலுகா அலுவலகத்துக்கு நாம எல்லாருமே போகலாம். தனி ஆளாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். நாற்பது பேர் போனால் உட்காரச் சொல்வார்கள்.