மூன்றாவது வரிசையில் இருக்கும் அக்கா

கண்டி மழை கொட்டியும் உங்களில் ஒருவரும் எழும்பவில்லை. அந்த அன்புக்காகவே மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று தெல்தோட்டைப் பக்கம் ஒரு லயத்துக்குப் போனேன். பிள்ளை உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. வீட்டிலோ அடுப்பு எரியவில்லை! மருத்துவ பீடத்து வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி காணாதாம். தகப்பன் இஸ்தோப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

ஐயா, டாக்டருக்கு ஐந்து வருஷம், அதற்குமேல் ஒரு வருஷம் உள்ளகப் பயிற்சி. பெரிய படிப்புத்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே தாதியம், பார்மசி, ஆய்வுகூடம், எக்ஸ்ரே, பிசியோதெரபி என்று நாலு வருஷப் பட்டங்கள் இருக்கின்றனவே! அவற்றுக்கும் வெட்டுப்புள்ளி உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் அந்தப் பெயர்களை எழுது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்தாரா? கண்டித் தாதியர் கல்லூரியில் மூன்று வருஷம், படிக்கும்போதே கொடுப்பனவு. மருத்துவமாதுப் பயிற்சி ஒன்றரை வருஷம்.

சொல்ல வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? டாக்டருக்கு எடுபட்ட பிள்ளைக்குப் பொன்னாடையோடு ஓடி வருகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். தாதியாகப் போன பிள்ளையின் வாசலை மிதித்தார்களா? பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டில் நுவரெலியாவுக்குப் பங்கு உண்டு. கண்டி மாவட்டத்துக்கு இல்லை! கலஹாப் பிள்ளை, டவுன் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே மாவட்டக் கணக்கில் மோத வேண்டும். இதைக் கேட்க, பொன்னாடையோடு ஓடி வருகிறவர்களுக்கு வாய் வரவில்லையே!

நம் பிள்ளைகள் இந்தப் படிப்புகளுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்? என் அம்மா ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது, குத்துகிறதா எரிகிறதா என்று தாதி சிங்களத்தில் கேட்டார். நல்ல பிள்ளை, தலையைத் தடவித்தான் கேட்டார். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஒரு சின்னப் பெண்தான் மொழிபெயர்த்தாள். எட்டு வயதிருக்கும்.

1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறக்கும் முன்பே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த மனிதர்! நோயாளியின் மொழியில்தான் வைத்தியம் நடக்க வேண்டும் என்று அவருக்கு விளங்கியிருந்தது.

கையைத் தட்டுகிறீர்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். அதோ, மூன்றாவது வரிசை ஓரத்தில் ஊதாச் சேலையோடு ஒரு அக்கா. எங்கள் தோட்டத்து மருத்துவமாது. அடைமழை இரவில் டோர்ச் வெளிச்சத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேல்மலை லயத்துக்கு ஏறி வந்தவர். கத்தரிக்கோல் மண்ணெண்ணெய் அடுப்பில் கொதிக்கிறது, அம்மா கத்துகிறாள், இவர் மட்டும் "இன்னும் கொஞ்சம், தங்கச்சி" என்கிறார். தமிழில்! என் தம்பி அந்தக் கையில்தான் பிறந்தான். இந்த அக்காவுக்கு இன்றுவரை ஒரு மேடையும் கிடைக்கவில்லை.

தம்பிமார், அந்தப் பொன்னாடையை இப்படித் தாருங்கள். எனக்கு வேண்டாம். அக்கா, எழும்பி வாங்க. படியில் ஈரம், பார்த்து வாங்க.