பதினைந்தாவது சிலுவை

(பொன்விழாத் தயாரிப்பு முந்நாள் வழிபாட்டின் இரண்டாம் நாள் மாலை, பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போவதென்று குழுவினர் தீர்மானித்து, அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். வேளாங்கண்ணி நமக்குப் புதிய ஊரல்ல. வண்டி வாடகை எவ்வளவு, எங்கே தங்குவது என்பதையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். ஆகவே அதை அவர்களிடம் விட்டுவிட்டு, திருப்பயணம் போகிறவர் எப்படிப்பட்ட மனிதராகத் திரும்பி வருகிறார் என்பதைப்பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறோம். அதற்கு உங்களைச் சற்றுத் தொலைவு, பிரான்சு தேசம்வரை, அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. பொறுமையோடு கூட வாருங்கள்.

அந்த நாட்டின் பர்கண்டிப் பகுதியில் ஒரு குன்று. குன்றின்மேல் வெஸ்லே என்னும் சிற்றூர். ஊரின் உச்சியில் புனித மதலேன் மரியாளின் பேராலயம். 1146-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்று, அரசர் ஏழாம் லூயியின் முன்னிலையில், புனித பெர்நார்து அங்கே பிரசங்கம் செய்தார். கோவில் கொள்ளாத கூட்டம். ஆகையால் குன்றின் சரிவிலே, திறந்த வெளியிலே பேசினார். இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிய பிரசங்கம் அது. கேட்டவர்கள் உடையின்மேல் துணிச் சிலுவையைத் தைத்துக்கொண்டு போருக்குப் புறப்பட்டார்கள். அந்தப் போர் படுதோல்வியில் முடிந்தது. பெர்நார்து பெரும் புனிதர், வேதபாரகர்; அதில் ஐயமில்லை. ஆனாலும் சிலுவையையும் வாளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய அந்த நாளை இன்று நாம் பெருமையோடு நினைக்க முடியாது.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1946 ஜூலையில், அதே குன்றை நோக்கி மறுபடியும் கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்தார்கள். இம்முறை சிலுவை துணியில் இல்லை, தோளில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கனத்த மரச் சிலுவைகள் பதினான்கு. பிரான்சின் பல மூலைகளிலிருந்தும், இங்கிலாந்து உள்ளிட்ட அயல்நாடுகளிலிருந்தும் அவற்றை முறைபோட்டுச் சுமந்து, நாள்கணக்கில் நடந்து வந்தார்கள். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாலங்கள் இடிந்து கிடந்தன. ரொட்டிகூடப் பங்கீட்டில்தான் கிடைத்தது. வழியிலுள்ள ஊரார் தங்களுக்கிருந்த கொஞ்சத்தில் அவர்களுக்குச் சோறிட்டுப் படுக்க இடம் தந்தார்கள். சமாதானத்துக்கான சிலுவைப் பயணம் என்று அதற்குப் பெயர்.

அந்தச் சமயம் செருமானியப் போர்க்கைதிகள் பல லட்சம் பேர் பிரான்சு நாட்டு முகாம்களில் இருந்தார்கள். வெஸ்லேக்கு அருகிலிருந்த முகாமைச் சேர்ந்த சிலர், “நாங்களும் கலந்துகொள்ளலாமா?” என்று கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. அவர்களிடம் நல்ல மரம் ஏது? குண்டு விழுந்து இடிந்த வீட்டின் உத்தரக் கட்டைகளை எடுத்து ஒரு சிலுவை செய்து, தோளில் சுமந்துகொண்டு அந்தக் கூட்டத்தின் நடுவே வந்தார்கள். அதுதான் பதினைந்தாவது சிலுவை. மற்றச் சிலுவைகளோடு இன்றும் அது அப்பேராலயத்தில் இருக்கிறது.

இதை அழகான நிகழ்ச்சி என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1944 ஜூன் 10-ஆம் நாள், ஒராதூர் என்ற ஊரில் செருமானியப் படையினர் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கோவிலுக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில்தான் செருமானியன் ஒருவன் சிலுவையோடு நடந்து வந்தபோது மக்கள் விலகி வழிவிட்டார்கள். வழிவிட்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் இழவு விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்ணம் எங்கே முளைத்தது? ஆயர் மன்றத்தில் அல்ல. மார்த் தோர்தெல்-குளோதே என்ற பெண்மணி, பள்ளி ஆசிரியை, 1945 மார்ச்சு மாதத்தில், போர் இன்னும் முடியாத நாளிலேயே, செருமானியர்களுக்காகச் செபிக்க ஒரு சிறு கூட்டத்தைச் சேர்க்க விரும்பினார். (மாதா சபையினர் இதைக் கவனிக்க வேண்டும்!) கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்றால், அந்த ‘எல்லாரில்’ செருமானியர் இல்லையா என்பதுதான் அவர் மனத்தைக் குடைந்த கேள்வி. அதை எடுத்துக்கொண்டு மொந்தோபான் ஆயர் பியேர்-மரி தெயாஸ் என்பவரிடம் போனார்.

சரியான ஆளிடம்தான் போனார். யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, 1942-இல், அது அநியாயம் என்று சுற்றுமடல் எழுதித் தம் மறைமாவட்டக் கோவில்களில் வாசிக்கச் செய்தவர் அந்த ஆயர். 1944-இல் செருமானிய இரகசியப் போலீசார் அவரைக் கைதுசெய்து கொம்பியேன் முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் அவர் பகைவரை நேசிப்பதைப்பற்றியே சக கைதிகளுக்குப் போதித்தார். சிலருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. முள்வேலிக்குள் இருந்துகொண்டு அப்படிப் பேசுவதும், நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுவதும் ஒன்றல்லவே! இந்த ஆயரும் அந்த ஆசிரியையும் தொடங்கிய இயக்கம்தான் ‘பாக்ஸ் கிறிஸ்தி’, அதாவது ‘கிறிஸ்துவின் சமாதானம்’. பிற்பாடு தெயாஸ் ஆண்டகை லூர்து நகரின் ஆயரானார். அவர் அங்கே ஆயராயிருந்த காலத்தில், 1958-இல், பல நாட்டுப் படைவீரர்கள் சேர்ந்து வரும் லூர்து திருப்பயணம் தொடங்கியது. ஒருவரையொருவர் சுட்ட படைகளின் வீரர்கள் ஒரே கெபியின் முன் மெழுகுவர்த்தி பிடித்து நின்றார்கள்.

‘வீட்டிலிருந்தே செபித்தால் போதாதா, ஏன் நடக்கவேண்டும்?’ என்று கேட்கலாம். செபம் வேண்டியதுதான். ஆனால் பகைவனுக்காகத் தனியே செபிக்கும்போது நாம் மேலே இருக்கிறோம், அவன் கீழே இருக்கிறான். கூட நடக்கும்போது அப்படி இருக்க முடியாது. அவனிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்க நேரிடும். குருமடத்தில் அன்றாடம் ஆன்ம சோதனை செய்யும்படி நம்மைப் பழக்கினார்கள், நல்ல பழக்கம். ஆனாலும் முழங்காலில் இருந்து பார்த்தால் தெரியாத சில குணங்கள், மூன்றாம் நாள் நடையில் பாதம் கொப்பளிக்கும்போது வெளியே வந்துவிடுகின்றன. நாம் எவ்வளவு முன்கோபி, யாரை நம்புகிறோம், யார் கையால் சாப்பிடத் தயங்குகிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் நமக்கே தெரியவருகிறது. எம்மாவுசுக்குப் போன சீடர் இருவரும் வாய்நிறையப் பேசிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் வழியில் சேர்ந்த அந்நியரை உள்ளே கூப்பிட்டுப் பந்தியில் உட்காரவைத்த பிறகுதான் கண் திறந்தது.

பாக்ஸ் கிறிஸ்தியினர் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். பல நாட்டு இளைஞர்களைக் கலந்து சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, பல நாள் நடக்கவைத்து, செபமும் கலந்துரையாடலுமாக ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அரசுகளும் பின்னால் வந்தன. 1962 ஜூலையில் பிரான்சு அதிபர் தெ கோலும் செருமானியத் தலைவர் அதேனவரும் ரான்ஸ் பேராலயத்தில் ஒன்றாகத் திருப்பலி கண்டார்கள். மறு ஆண்டு இரு நாடுகளும் உடன்படிக்கை செய்து, இளைஞர்களை ஒருவர் நாட்டுக்கு ஒருவர் அனுப்ப ஒரு பொது அலுவலகத்தை ஏற்படுத்தின. அதன் வழியாக இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்வந்திருக்கிறார்கள். எழுபது ஆண்டுக் காலத்துக்குள் மூன்றுமுறை போரிட்ட நாடுகள் இவை. இன்று அவற்றுக்கிடையே போர் என்று சொன்னால் சிறுபிள்ளைகூடச் சிரிக்கும். இராசதந்திரிகளும் வியாபாரமும் பெரும்பங்கு செய்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கைதிகளின் சிலுவைக்கு வழிவிட்டவர்கள் முந்திக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு சம்பவம். அதே பர்கண்டியில் தெய்சே என்ற கிராமம். சுவிட்சர்லாந்திலிருந்து 1940-இல் அங்கே வந்த சகோதரர் ரோசே, முதலில் யூதர் உள்ளிட்ட அகதிகளை மறைத்துக் காப்பாற்றினார். போர் முடிந்தபின் செருமானியக் கைதிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து உணவும் செபமும் பகிர்ந்துகொண்டார். 1962-இல் அங்கே எழுந்த ஒப்புரவுக் கோவிலைக் கட்டியவர்கள், தங்கள் நாட்டின் பாவத்துக்குப் பரிகாரமாக வேலை செய்யவந்த செருமானிய இளைஞர்கள். அந்தத் தெய்சே குழுவினர் 1985-ஆம் ஆண்டின் இறுதியில் நம் சென்னை நகரில் ஒரு பெரிய இளைஞர் கூட்டத்தை நடத்தினார்கள் என்பது நம் பெரியவர்களில் சிலருக்கு நினைவிருக்கும். பல மாநிலத்தாரும் பல நாட்டாரும் வந்திருந்தார்கள். ஆக, நாம் சொல்லுவது முழுக்க வெள்ளைக்காரர் கதையும் அல்ல.

சரி, இனி நம் ஊருக்குத் திரும்புவோம்.

ஆகஸ்டு மாதக் கடைசியில், காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் ஆயிரக்கணக்கானவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் பலர் நடந்தும் இருக்கிறீர்கள். வழியில் மோர் கொடுப்பவர் இந்துவா, இசுலாமியரா என்று யாராவது கேட்டதுண்டா? வாங்கிக் குடித்து, “நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். ஆனால் இந்தப் பங்கில் இத்தனை ஆண்டுகளாக வேளாங்கண்ணிக்கு இரண்டு வண்டி புறப்படுகிறது: ஒன்று மேலத்தெருவுக்கு, ஒன்று கீழத்தெருவுக்கு. ஒரே மாதாவைப் பார்க்க, ஒரே சாலையில், ஒரே நாளில் போகும் வண்டிகள். சமையல் சாமானும் இரண்டு, சமைப்பவரும் இரண்டு. முன்பின் தெரியாதவர் கையில் தண்ணீர் வாங்குகிறோம். ஒரே நற்கருணை வாங்குகிறவர் கையில் வாங்க யோசிக்கிறோம்.

இம்முறை ஒரே பட்டியல் என்று விழாக் குழுவில் சொன்னோம். உடனே சிலர் மேடையில் வராத கேள்விகளை அறை வீட்டுக்கு வந்து கேட்டார்கள். “சாமி, சேர்ந்து போவதில் ஆட்சேபம் இல்லை, சமைக்கிறது யார்?” என்று ஒரு பெரியவர். “எங்களைக் கடைசி இருக்கையில்தானே உட்காரவைப்பார்கள்?” என்று இன்னொரு தெருவிலிருந்து ஒரு தாய். இரண்டும் உண்மையான கேள்விகள். இரண்டாவது கேள்விதான் நம்மை அதிகம் வருத்தியது.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1954-இல் ஒரு நூல் எழுதினார். ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் மட்டும் வெறுப்பு தீராது. சில சமயம் கூடவும் செய்யும் என்பது அவர் கண்டது. இருவரும் சமமானவர்களாக இருக்கவேண்டும்; ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து பாடுபடவேண்டும்; மேலிருப்பவர்கள் அதற்கு வெளிப்படையாக ஆதரவு தரவேண்டும். இவை இருந்தால்தான் பழக்கம் நட்பாகும். அந்தத் தாய் கேட்டதையே அவர் புத்தகமாக எழுதியிருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஏற்பாடு இப்படி இருக்கும். கட்டணம் எல்லாருக்கும் ஒன்று. இருக்கை சீட்டுக் குலுக்கிப் போடப்படும். குடும்பங்கள் பிரியாதபடி பார்த்துக்கொள்வோம். சமையலுக்கு இரண்டு தெருவிலிருந்தும் சம எண்ணிக்கையில் பெயர் எடுப்போம். ஒரே உலை, ஒரே பந்தி. பங்குக் குருவும் அந்தப் பந்தியில்தான் சாப்பிடுவார். அது வேண்டாம் என்கிறவர்களைத் திட்டப்போவதில்லை. தனி வண்டி வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த வண்டி பங்கின் பொன்விழா வண்டி அல்ல; அதற்கு மந்திரிப்பும் கோவில் முற்றத்தில் வழியனுப்புதலும் கிடையாது. இதை இன்றே சொல்லிவிடுவது நல்லது.

நாகப்பட்டினத்தில் எல்லாரும் இறங்கி, முடியாதவர் தவிர, வேளாங்கண்ணிவரை நடப்போம். பழைய ஓட்டுக் கோவிலைப் பிரித்தபோது எடுத்த உத்தரம் ஒன்று சாமான் அறையில் கிடக்கிறது. நம் பாட்டன்மார் இரு தெருவாரும் அதற்குக் கீழேதான் முழங்காலில் இருந்தார்கள், நடுவே கயிறு கட்டியிருந்தாலும். அதில் ஒரு சிலுவை செய்து சுமந்துபோக ஆசை. தச்சு வேலை தெரிந்தவர்கள் இரண்டு தெருவிலும் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை, தெருவுக்கு இருவராக, உளியோடு வாருங்கள். தேநீர் அறை வீட்டிலிருந்து வரும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குள் உபதேசியாரிடம் கொடுக்கலாம். அவரிடம் இருப்பது ஒரே நோட்டுப் புத்தகம். தெருப் பெயர் எழுதும் கட்டம் அதில் இல்லை.