கரண்ட் வேலைக்கு யார் வருகிறார்?

நூம்பல் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் ஹார்டுவேர் கடையில் கேட்டால் போதும், எலக்ட்ரீஷியன் நம்பர் கிடைத்துவிடும். கொத்தனாரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், இவரிடம் மட்டும் எதுவும் கேட்பதில்லை. ஏனோ!

அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருஷம். எலக்ட்ரீஷியன் கூடவே இருந்து தொழில் கற்றவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு உண்டு. 21 வயது ஆகியிருக்க வேண்டும், 5 வருஷ அனுபவமும் வேண்டும். அதற்கு மேல் மின்கம்பியாளர், அதற்கும் மேல் மேற்பார்வையாளர். மின் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் தருவது, கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம்.

பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு உரிமம் தேவையில்லை என மின் பாதுகாப்பு விதி விலக்கு அளிக்கிறது. புதிதாக வயரிங் இழுப்பதோ, ஏ.சி.க்குத் தனி லைன் போடுவதோ அப்படியில்லை. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். தகுதி பார்க்காமல் வேலை கொடுத்தால், எர்த் கம்பியைப் பிளக் பாயிண்டில் இணைக்காமலே விட்டுப் போகிறவர்களும் உண்டு. லைட் எரியும், ஃபேன் சுற்றும். கிரைண்டரில் கசிவு வரும் நாளில்தான் வினை தெரியும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைக் கட்டாயம் பொருத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் முன்னாலேயே அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கூலி பேசும் முன்பே சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.