சிலோசோ மலைப் பீரங்கிகள் திரும்பின



சிங்கப்பூரில் வளர்ந்த நம் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். வெள்ளைக்காரன் பீரங்கிகளைக் கடலைப் பார்த்து நட்டுவைத்தான், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்தான், பீரங்கிகளைத் திருப்ப முடியவில்லை, ஊர் விழுந்தது. என் தகப்பனாரும் இப்படித்தான் சொன்னார். செந்தோசாவின் மேற்கு முனையில் சிலோசோ மலைமேல் ஏறி நின்ற பிறகு, அந்தக் கதையை என்னால் அப்படியே சொல்ல முடியவில்லை.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல்கள் பெருகின. இன்று கெப்பல் என்று நாம் சொல்லும் துறைமுகத்தின் மேற்கு வாசலில் ஒரு காவல் வேண்டியிருந்தது. 1870களின் இறுதியில் மலையுச்சியை வெடிவைத்துத் தகர்த்து, சமதளமாக்கிப் பீரங்கி மேடை கட்டினார்கள். மலைக்குள்ளே சுரங்கவழி, வெடிமருந்துக் கிடங்கு. காலம் மாற மாற பீரங்கிகளும் மாறின. 1942இல் அங்கே இருந்தவை ஆறு அங்குலப் பீரங்கிகள். ஒரு குண்டின் எடையே ஏறத்தாழ 45 கிலோ!

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மலை கடலைப் பார்த்துக் காத்திருந்தது, அன்பர்களே. எதிரிக் கப்பல் வரவில்லை. 1942 பிப்ரவரி 8 இரவு, ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூர்த் தீவின் வடமேற்கில் கரையேறியது. அப்போது சிலோசோ என்ன செய்தது? திரும்பியது! கடலுக்கு முதுகைக் காட்டி, தெங்கா விமானத்தளப் பக்கம் சுட்டது. சாங்கியில் இருந்த பதினைந்து அங்குலப் பெரும் பீரங்கிகளும் நிலத்தை நோக்கிச் சுட்டன.

குறை குண்டில் இருந்தது. கரையோரப் பீரங்கிகளிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை போர்க்கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்த குண்டுகள். அவை மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்த பிறகுதான் வெடிக்கும். பரவி வரும் காலாட்படைக்குப் பெரிய சேதமில்லை. தரைப்படையைத் தடுக்கும் குண்டுகள் மிகக் குறைவு. சேர்த்து வைக்காதவர்கள் மேலிடத்தில் இருந்தவர்கள். பீரங்கியடியில் வியர்வை சொட்டக் குண்டேற்றியவனை நாம் எண்பது ஆண்டுகளாகக் கேலி செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். அதன்பின் நடந்ததைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தால் மன்னியுங்கள். ஜப்பானியர்கள் சீன ஆண்களைப் பிரித்தெடுத்து, படகில் கொண்டுபோய்க் கடலில் சுட்டார்கள். உடல்கள் செந்தோசாத் தீவில் ஒதுங்கின. அதே கரையில் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர் ஏறத்தாழ 300 உடல்களை எடுத்துப் புதைத்தார்கள்.

அப்போது அந்தத் தீவின் பெயர் பிளாக்காங் மாத்தி. மலாயில் பிளாக்காங் என்றால் பின்புறம், மாத்தி என்றால் சாவு. 1970களின் தொடக்கத்தில்தான் செந்தோசா ஆயிற்று. நம் 'சந்தோஷம்' பிறந்த அதே சமஸ்கிருத வேர்ச்சொல்தான்.

2022 பிப்ரவரி 15 அன்று, ஊர் விழுந்து சரியாக எண்பது ஆண்டுகள் கழித்து, சிலோசோ கோட்டையைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் நாளில், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். மலைமேல் நின்று கெப்பலைப் பார்த்துவிட்டு, பிறகு மெல்லத் தெங்கா இருக்கும் திசைக்குத் திரும்பி நில்லுங்கள். அந்தப் பீரங்கிகள் திரும்பியது அப்படித்தான்.